ஆடு வாங்கும் முன் அகத்தி நடுங்கள்: பத்து சென்ட் கொல்லையில் ஆடு, கோழி, காய்கறி

கிராமத்து வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லையும் வற்றாத போர்த் தண்ணீரும் இருந்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் கீரை, காய், முட்டை, வருடத்துக்கு இரண்டு மூன்று குட்டிகளை விற்ற காசு என்று ஓரளவு பார்த்துவிடலாம். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. இடம் போதாமல் கைவிட்டவர்கள் குறைவு, வரிசை மாறிக் கைவிட்டவர்கள்தான் அதிகம். முதலில் சந்தையில் ஆட்டைப் பிடித்து வந்து கட்டுவார்கள். தழைக்கு எங்கே போவது என்ற யோசனை அதன்பிறகுதான் வரும். முதல் மாதம் அடுத்த வீட்டு வேலி, இரண்டாம் மாதம் சண்டை, மூன்றாம் மாதம் ஆடு மறுபடி சந்தைக்கு.

வரிசை இப்படி இருக்கட்டும்: ஆடியில் வேலி, தீவனம், முதல் காய்கறிப் பாத்தி. ஐப்பசி மழைக்கு முன் கொட்டகையும் கோழிக்கூடும். மார்கழி, தையில் கோழி. பொங்கல் முடிந்து தை கடைசியிலோ மாசியிலோ ஆடு. தீபாவளிக்கு முன்னும் பக்ரீத்துக்கு முன்னும் ஆட்டு விலை ஏறும், அப்போது வாங்க வேண்டாம். அடைமழைக் காலத்தில் புது இடத்துக்கு வரும் ஆடு சளி பிடித்துப் படுத்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

இடத்தைப் பிரிக்கும்போது காய்கறிக்கு இரண்டு சென்ட், தீவனப்புல்லுக்கு இரண்டு, வேலிமசால் என்ற தழைத் தீவனப் பயிருக்கு ஒன்று, கொட்டகை, கூடு, எருக்குழிக்கு ஒன்று. மீதி நாலு சென்ட் கோழி மேய்வதற்கான திறந்த இடம். முருங்கை, பப்பாளி, தென்னை எல்லாம் அங்கே நிற்கட்டும். தண்ணீர்க் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு சென்ட் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 லிட்டர் ஆகும். ஐந்து சென்ட்டுக்கு ஆயிரம் லிட்டர். கோடையில் போர் அந்த அளவு தராது என்று தெரிந்தால் புல்லைக் குறைத்து மரத்தழையைக் கூட்டுங்கள். வேர் பிடித்த மரம் தண்ணீரில்லாமல் தாங்கும், புல் தாங்காது.

தழைதான் முதலீடு

வளர்ந்த ஒரு பெட்டை ஆடு நாளொன்றுக்கு நாலு கிலோ பசுந்தீவனம் தின்னும். இரண்டு ஆட்டுக்கு எட்டு கிலோ. குட்டி போட்டால் இன்னும் கூடும்.

புல்லுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 கம்பு நேப்பியர் போதும். இரண்டு கணு உள்ள கரணையை, அதாவது தண்டுத் துண்டைச் சாய்வாக, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, கரணைக்குக் கரணை ஒன்றரை அடி. சென்ட்டுக்கு ஏறத்தாழ 140 கரணை வேண்டும். நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர், பிறகு வாரம் ஒன்று. 75, 80 நாளில் முதல் அறுப்பு, அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. சிபாரிசுக் கணக்குப்படி சென்ட்டுக்கு நாளொன்றுக்கு நாலு கிலோ கிடைக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் அதில் பாதி வந்தால் நல்ல பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்காமல் ஆறு பங்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு அறுத்தால்தான் எப்போதும் இளம்புல் இருக்கும். முற்றிய தட்டையை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மீதிப் பாதிக்கு வேலிமசாலும் அகத்தியும். வேலிமசால் விதையின் தோல் கடினமானது, அப்படியே விதைத்தால் பாதி முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வடித்தெடுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் விதையுங்கள். 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒன்று. அகத்தியை வேலி ஓரமாக மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள். அடியோடு வெட்டினால் அகத்தி செத்துப்போகும். நடுத்தண்டை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். கிளைரிசிடியா என்ற தீவன மரம் நேர் எதிர், எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் அதன் வாடைக்கு ஆடு முதலில் முகம் திருப்பும். அரைநாள் வாடவிட்டுப் போட்டால் பழகிக்கொள்ளும். சவுண்டல் (சூபாபுல்) மரம் இருந்தால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் உள்ள மிமோசின் என்ற நச்சால் முடி கொட்டும்.

ஆட்டுக்கு ஆகாதவை: அரளி, நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆமணக்கு விதை. பச்சை மரவள்ளி இலையிலும், பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், வெயிலில் காய்ந்து மறுபடி துளிர்த்த சோளத் தூரிலும் சயனைடு நச்சு உண்டு. ஆட்டைச் சீக்கிரமே சாய்த்துவிடும். வேலி ஓரத்தில் அரளி இருந்தால் ஆடு வருவதற்கு முன்பே தோண்டி எடுத்துவிடுங்கள். வெட்டிப்போட்டு வாடிய கிளையும் நச்சுத்தான்.

அசோலா என்ற நீர்த்தாவரத் தொட்டி, மண்ணில்லாமல் தீவனம் முளைக்கவைக்கும் ஹைட்ரோபோனிக் தட்டு எல்லாம் முதல் வருடம் வேண்டாம். இருக்கிற வேலையே போதும்.

கோழி

எட்டுப் பெட்டை, ஒரு சேவல். நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். வருடத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான். எட்டுக் கோழி இருந்தும் சில வாரம் வீட்டில் முட்டையே இல்லாமல் போகும், பயந்துவிடாதீர்கள். தினமும் ஆளுக்கொரு முட்டை வேண்டும் என்பவர்கள் முட்டைக்கென்று தேர்ந்தெடுத்த கலப்பினத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அது அடை உட்காராது, குஞ்சை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

இரவுக்கூட்டுக்குக் கோழிக்கு இரண்டு சதுர அடி, ஆகக் குறைந்தது பதினெட்டு சதுர அடி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பலகைத்தளம், உள்ளே உட்காரக் கட்டைவிரல் பருமனைவிடச் சற்றுத் தடித்த கம்பு. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணி கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. கீரிப்பிள்ளை கடித்துப் பிரிக்கும், பாம்பும் எலியும் அப்படியே நுழையும். அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ்தான் வாங்க வேண்டும். அடிப்பக்கம் ஒரு சாண் மண்ணுக்குள் இறக்குங்கள். இருட்டுவதற்குள் எண்ணி அடைப்பது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். நீ அடைத்திருப்பாய் என்று நானும், நான் அடைத்திருப்பேன் என்று நீயும் இருந்த இரவில்தான் வெருகுப்பூனை வரும்.

அடை வைப்பதற்கு ஏழு நாளுக்கு மேல் ஆகாத முட்டை, பத்திலிருந்து பன்னிரண்டு. கோழியின் வயிற்றுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம், ஏனென்றால் சூடு படாத முட்டை மாறிமாறி ஓரத்துக்கு வந்து எல்லாமே பாழாகும். அகன்ற கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், சற்று வேப்பிலை. இரவில் உட்காரவையுங்கள், பகலில் வைத்தால் எழுந்து ஓடிவிடும். இடிக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பது பாட்டிமார் வழக்கம். வைத்தால் நஷ்டமில்லை. முட்டை கெடுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் சேவல் சேராததும் பழைய முட்டையும்தான்.

ஏழாம் நாள் இரவு சோதியுங்கள். அட்டையில் முட்டை பாதி அமரும் அளவு ஓட்டை போட்டு, கீழே செல்போன் டார்ச்சை வைத்து, முட்டையின் அகன்ற பக்கம் ஒளியில் படும்படி பிடியுங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போல சிவந்த நரம்புகளும் பரவியிருந்தால் உயிருண்டு. ஒரே மஞ்சளாக, தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி, வெடித்து மற்றதையும் கெடுக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை இல்லை.

21ஆம் நாள் பொரிக்கும். ஓட்டைக் கொத்திவிட்டு மணிக்கணக்கில் சும்மா இருக்கிறதே என்று உரித்துவிடக் கூடாது. உள்ளே மஞ்சள்கருவையும் ரத்தத்தையும் குஞ்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும், உரித்தால் தொப்புளில் ரத்தம் கசிந்து சாகும். பொரித்த முதல் நாள் தீனி தேவையில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றிரண்டு மூழ்கும். முதல் மூன்று வாரம் பஞ்சாரத்துக்குள் தாயோடு கவிழ்த்து வைத்துக் குஞ்சுத்தீவனமோ உடைத்த கம்பும் குருணையுமோ கொடுங்கள்.

புரதத்துக்குக் கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு, வைக்கோல் என்று கிடைத்ததைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடத்தில் மண்ணை லேசாகக் கீறி, மாலையில் பானையைக் கவிழ்த்துவிடுங்கள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் தூக்கி வந்து குஞ்சுகள் முன் கொட்டினால், வெள்ளை வெள்ளையாக உதிர்வதைத் தாய்க்கோழி கொக்கரித்துக் காட்டிக் கொடுக்கும். பத்து மணிக்கு மேல் போனால் கரையான் மண்ணுக்குள் இறங்கி வெறும் சாக்குதான் இருக்கும். வீட்டு மரச்சாமானுக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள்.

நோய் என்றால் வெள்ளைக்கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல், கழுத்து முறுக்கல், இரண்டே நாளில் கூண்டு காலி. வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாளும் நாலாம் வாரமும் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. சிக்கல் எங்கே என்றால், மருந்துக் குப்பி நூறு கோழிக்கு அளவாக வரும், உங்களிடம் பத்துக் குஞ்சுதான் இருக்கும். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவசமாகப் போடும் முகாமையும் விடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன் அது வருவது காரணத்தோடுதான். தெருவில் நோய் வந்துவிட்ட பிறகு, சோர்ந்து நிற்கிற கோழிக்கு ஊசி போடுவதில் பயனில்லை.

பேனுக்குச் சாம்பல், மணல், காய்ந்த வேப்பிலைத் தூள் கலந்த குழி ஒன்று நிழலில் இருந்தால் கோழியே புரண்டு பார்த்துக்கொள்ளும்.

ஆடு

விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் கன்னி ஆடு, ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் கொடி ஆடு, சேலம், தர்மபுரியில் சேலம் கருப்பு. உங்கள் ஊர் வெயிலுக்குப் பழகியதையே வாங்குங்கள். கன்னி ஆடு இரட்டைக் குட்டிக்குப் பேர்போனது, ஆனால் பால் குட்டிக்குத்தான் காணும். காபிக்குப் பால் வேண்டுமென்றால் தலைச்சேரி இன ஆடு பாருங்கள்.

ஒற்றை ஆடு வாங்கவே கூடாது. துணையில்லாத ஆடு நாள் முழுக்கக் கத்தும், தின்னாது. இரண்டு பெட்டை, முடிந்தால் ஒரே மந்தையிலிருந்து. எட்டயபுரம் போன்ற பெரிய சந்தையில் தேர்வு அதிகம், நோயும் அதிகம். தெரிந்த ஆள் பட்டியில் வாங்குவது நல்லது. கீழ்த்தாடையின் முன்பல்லைப் பாருங்கள். நடுவில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒன்றேகால் வயது அளவு, நாலு பல் இரண்டு வயது, எட்டுப் பல் நாலு வயது. இரண்டு பல் போட்டு ஒரு ஈற்று ஈன்றது புதியவர்களுக்கு ஏற்றது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்சதை ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது. விலை பேசுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கொட்டகை பரண் முறையில், எட்டுக்கு ஆறடி, நிலத்திலிருந்து மூன்று அடி உயரம். ரீப்பர்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. அதற்குமேல் விட்டால் குட்டியின் கால் மாட்டி முறியும், குறைத்தால் புழுக்கை விழாது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. தழையைத் தரையில் போடாதீர்கள். மிதிபட்டதையும் மூத்திரம் பட்டதையும் ஆடு தொடாது, பாதி வீணாகும். தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆடு சாவதற்கு வீடுகளில் அதிகமாக நடப்பது மூன்று.

முதலாவது சோறு. கல்யாண வீட்டில் மிஞ்சியது, இட்லி மாவு, அவிழ்ந்து போய்த் தின்ற அரிசி மூட்டை, கோழித்தீவன வாளி. மாவுச்சத்து வயிற்றில் புளித்து அமிலமாகும். ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு, இடது பக்கம் உப்பி, நின்ற இடத்திலேயே நிற்கும். சமையல் சோடா 20 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். புகட்டும்போது நாக்கைப் பிடித்து இழுத்தாலும் தலையை அண்ணாந்து தூக்கினாலும் மருந்து நுரையீரலுக்குப் போய், உப்புசத்தில் பிழைத்த ஆடு சளியில் சாகும். கோழித்தீவனத்தை மூடிபோட்ட டிரம்மில் வைப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது துள்ளுமாரி. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த, மந்தையிலேயே கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். கண் பட்டுவிட்டது என்பார்கள். குடலில் எப்போதும் உள்ள கிருமி அந்தத் திடீர்த் தீனியில் பெருகி நஞ்சைக் கக்குவதால் வருவது. மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுங்கள், பனி காய்ந்த பின் மேயவிடுங்கள், அதற்கு முன் கொஞ்சம் காய்ந்த தட்டையைக் கடிக்கக் கொடுங்கள். இதுபோல ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோய்க்கு நாலு மாத வயதில் ஓர் ஊசி, மூன்று வருடம் தாங்கும்.

மூன்றாவது புழு. புழு மருந்து, குட்டிக்கு ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பெரியதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடைக்கு ஏற்ற அளவு. அளவு குறைந்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து கூடவே கூடாது.

இரண்டு ஆட்டுக்காகக் கிடா வளர்க்க வேண்டாம். பெட்டை 18 முதல் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், வாலை ஆட்டிக்கொண்டு கத்தும். அன்றைக்கோ மறுநாள் காலையோ ஊர்க் கிடாவிடம் விட்டு வாருங்கள். சினை 150 நாள். ஈன்றதும் தொப்புளில் டிங்ச்சர் அயோடின் தொடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக் கூடாது, பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஆழமாகப் புதையுங்கள். கருச்சிதைந்த ஆட்டின் பக்கம் வீட்டுக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் போகவே வேண்டாம்.

எருவும் பாத்தியும்

ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம் என்பது பழமொழி. ஆனால் புழுக்கையை நேராகப் பாத்தியில் போட்டவர்களுக்குக் கத்தரிக்கு நடுவே சீமைக்கருவேலம் முளைக்கும். அதன் நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை செரிக்காது, முளைக்கத் தயாராகி வெளியே வரும். கோழி எச்சம் வேறு மாதிரிக் கெடுதல், பச்சையாகப் போட்டால் அம்மோனியா சூட்டில் நாற்று கருகும். இரண்டையும் கீரைக்கழிவு, காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காக்க ஓலையால் மூடி, மாதம் ஒரு புரட்டாக மூன்று மாதம். கையை நுழைக்க முடியாத சூடு வந்து தணிந்தால் விதை வெந்தது. சூடே வரவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை அல்லது குவியல் சிறிது.

பாத்தி மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். கீரைக்கென்று நாலு சிறு பாத்தி ஒதுக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாத்தியாகச் சிறுகீரை தூவுங்கள். நாலாம் வாரம் முதல் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும், பறித்த இடத்தில் மறுபடி தூவலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆடியிலும் தையிலும். வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக ஊன்றலாம், வெண்டை 45 நாளில் காய் தரும். பீர்க்கு, புடலையைக் கோழிக்கூட்டின்மேல் பந்தலாக ஏற்றிவிட்டால் கூட்டுக்கும் நிழல். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே குருத்துப்புழு இருக்கிறது. ஓர் அங்குலம் கீழே கிள்ளிக் கோழிக்குப் போடுங்கள். மிஞ்சினால் அரைக்கிலோ வேப்பங்கொட்டையை இடித்துப் பத்து லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

பாத்தியைச் சுற்றி நாலடி வலை கட்டாயம். நாட்டுக்கோழி அதையும் தாண்டும், ஒரு பக்க இறக்கையின் நீளச் சிறகுகளை மட்டும் கத்தரித்தால் சமநிலை தவறிப் பறக்காது. இரண்டு பக்கமும் வெட்டினால் சமாளித்துப் பறந்துவிடும். பயிர் முடிந்த பாத்தியில் ஒரு வாரம் கோழியை விடுங்கள். கூட்டுப்புழு, களை விதை எல்லாம் கிளறித் தின்றுவிடும்.

வீட்டு ஆட்கள்

காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி. ஏழெட்டு வயதுப் பிள்ளை முட்டை பொறுக்கலாம், தண்ணீர் மாற்றலாம். தழை அறுப்பது பெரியவர் வேலை. கொட்டகையிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டைத் தொடக் கூடாது. ஒரு நாள் வெளியூர் என்றால் கோழிக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, காலையில் திறந்து மாலையில் அடைக்க மட்டும் ஆள் சொன்னால் போதும். ஆட்டை யாராவது பார்த்தே ஆக வேண்டும். அடுத்த தெருவில் ஆடு வைத்திருக்கும் ஒரு வீட்டோடு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து என்றால் அப்போதுதான் நிம்மதியாகப் போக முடியும்.

பிறந்த கிடாக்குட்டி விற்கவா, குலதெய்வத்துக்கு நேர்ந்து விடவா என்பதைப் பிள்ளைகள் பெயர் வைப்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து, பள்ளிக்கூடம் போன நேரத்தில் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த குட்டியின் பக்கம் வராது.

இந்தக் கொல்லையின் தழை இரண்டு தாய் ஆட்டையும் நாலு குட்டியையும் ஆறு மாதம் வரைதான் தாங்கும். குட்டியை விற்பதென்றால் புல் வளர்ச்சி குறையும் கோடைக்கு முன். பெட்டைக்குட்டி அழகாக இருக்கிறதே என்று நிறுத்தினால், தாயில் ஒன்றை விற்றுவிட்டு நிறுத்துங்கள்.